செவிலியைத் தேடி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு வழங்கிய தலைப்பு ‘அகப்பாடல்களில் செவிலித்தாய்’ என்பதாகும். என் முனைவர்ப்பட்ட ஆய்வேட்டில் செவிலி பற்றி ஓர் இயல் உண்டு. அதைச் சுருக்கி வாசித்துவிட்டு நான் அமர்ந்திருக்கலாம். ஆனால் சில மாதங்களாக நான் செவிலியைப் பற்றி எண்ணிக்கொண்டிருப்பது வேறொரு பொருட்டு. ஆகவே தலைப்பை விட்டுவிடாமல் பொருளை மட்டும் மாற்றிக்கொள்ள இசைவு கேட்டேன். “நீங்க எங்க ஆரம்பிச்சாலும் செவிலிகிட்டதானுங்கம்மா வந்து நிப்பீங்க” என்று செயலாளர் சிரித்தார். அவர் வேடிக்கையாகச் சொன்னது மெய்யாகவே ஆயிற்று.

என் மகனை இவ்வவையில் அறியாதவர் இல்லை. கூட்டம் தொடங்குமுன் நாற்காலிகளை வரிசையாக இடுபவன் அவன். ஒரு நாற்காலி கோணலாக இருந்தாலும் கவியரங்கம் தொடங்க விடமாட்டான். தலைமைக் கவிஞரையே எழுப்பி நிறுத்தி நாற்காலியை நேர்செய்துவிட்டு, “இப்ப உக்காருங்க” என்று சொன்ன நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். அவனுக்கு டவுன் நோய்க்குறி உள்ளது. 21ஆம் குரோமோசோம் இரண்டாக இருப்பதற்குப் பதில் மூன்றாக அமைந்த பிறப்பு அது. நோய் என்று பெயரில் இருப்பினும் அது மருந்தால் தீர்வதன்று. அவனுடைய இயல்பு அது. வரும் ஐப்பசியில் அவனுக்கு 18 வயது நிறைகிறது. எனக்கு 46. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள கணக்கைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

சேலத்தில் சிறப்புப் பள்ளி ஒன்றின் தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த ஆண்டுகளில் ஒரு வேண்டுதலை அடிக்கடி கேட்டிருக்கிறேன். “நான் கண்ண மூடறதுக்கு ஒரு நாளைக்கு முந்தி இவனக் கூப்பிட்டுக்க சாமி” என்பதே அது. ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் காட்டிலிருந்து வருகிற தாய் அதைச் சொல்வார். பள்ளிபாளையத்துத் தறிக்காரர் வீட்டு அம்மாள் சொல்வார். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கும் நாமக்கல் செல்வரின் மனைவியும், காரில் வந்து இறங்கி, அதையே சொல்வார். சாதியோ செல்வமோ கல்வியோ அவ்வேண்டுதலில் ஒரு சொல்லையும் மாற்றியதாக நான் காணவில்லை. முனைவர்ப்பட்டம் பெற்ற நானும் ஒருநாள் நாமக்கல் ஆஞ்சநேயர்முன் கைகூப்பி நின்று அவ்வண்ணமே வேண்டினேன். பக்கத்தில் நின்ற மகன் என் முந்தானையை இழுத்து, “அம்மா, எனக்கும் வேண்டிக்கோ” என்றான். உனக்காகத்தான் வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அன்று முதல் அவ்வேண்டுதலை நான் விட்டுவிட்டேன். அது அன்பில் பிறப்பது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அன்பு வழியறியாமல் திகைத்து நிற்கும்போது பிறப்பது அது. மேலும், இன்று அது கணக்கிலும் பிழையானது. அமெரிக்காவில் டவுன் நோய்க்குறியுடன் பிறந்தவர்களின் சராசரி ஆயுள் 1983ஆம் ஆண்டளவில் 25 ஆக இருந்தது. இன்று அது 60ஐ எட்டியிருக்கிறது. குழந்தைப் பருவத்து இதய அறுவைச் சிகிச்சையும் நோயெதிர் மருந்துகளும் இம்மாற்றத்தைக் கொணர்ந்தவற்றுள் முதன்மையானவை. நம் பிள்ளைகளும் நம்மைக் கடந்து வாழ்வார்கள். எனக்கு 75 ஆகும்போது என் மகனுக்கு 47 ஆகும். இந்நோய்க்குறி உடையோரிடம் மறதிநோய் நாற்பது, ஐம்பது வயதுகளிலேயே தலைகாட்டுவது மிகுதி என்றும் மருத்துவர் கூறுவர். நான் தடியூன்றி நடக்கும் காலத்தில் அவனும் முதியவனாகத் தொடங்கியிருப்பான்.

பழந்தமிழர் இப்பிறப்புகளை எப்படிப் பார்த்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். புறநானூற்றின் 28ஆம் பாடல், சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. மானிடப் பிறப்பின் எண்வகைக் குறைகளை அது அடுக்குகிறது. கண்ணின்மை, வடிவமற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு, விலங்கன்ன தோற்றம் என்று சென்று, ‘மருள்’ என்பதில் பட்டியல் முடிகிறது. அறிவு மயங்கிய பிறப்பு என்று அதற்குப் பொருள் காண்பர். இவற்றால் பயனில்லை என்று முன்னோர் கூறினர் என்பது பாடலின் போக்கு. வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் எட்டாவது சொல்லில் என் குரல் சற்றுத் தாழும். மாணவர்கள் கவனித்தார்களா என்று தெரியாது. ஆனால் அப்புலவர் இவ்வெட்டுக்கும் சேர்த்து இட்ட பெயர் ‘எச்சம்’. அச்சொல்லை நான் விடுவதாக இல்லை. எச்சம் என்றால் குறை. எச்சம் என்றால் மிஞ்சி நிற்பது. வள்ளுவர் வாக்கில் எச்சம் என்றால் ஒருவர்க்குப் பின் நிற்கும் மக்கள். இலக்கணத்திலோ, தன்னளவில் முடியாமல் இன்னொரு சொல்லை வேண்டி நிற்பது எச்சம். ‘வளர்த்து’ என்பது வினையெச்சம். பெற்றோராகிய நாம் சொல்லக்கூடியது அவ்வளவுதான். அதை முடித்துவைக்கும் முற்று வேறு வாயிலிருந்துதான் வரவேண்டும். குறை பிள்ளையிடம் இருக்கிறது என்று எண்ணியிருந்தேன். எச்சமாக நிற்பது நான்தான் என்பது மெல்ல விளங்கிற்று.

எழுத்தாளர்கள் கூடிய அவையாதலால் ஓர் எழுத்தாளரின் கதையைச் சொல்கிறேன். பேர்ல் பக் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். சீன உழவர் வாழ்வைச் சித்திரித்த ‘தி குட் எர்த்’ 1931இல் வெளிவந்தது. 1938இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்நாவல் பணத்தேவை நெருக்கிய காலத்தில் எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியார். 1920இல் பிறந்த அவர் மகள் கேரல் அறிவு வளர்ச்சி தடைப்பட்ட குழந்தை. பினைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் கோளாறே காரணம் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. இன்றாயின் பிறந்தவுடன் குருதியைச் சோதித்து, உணவுக் கட்டுப்பாட்டால் அவ்வறிவிழப்பைத் தடுத்துவிடலாம். 1929இல் நியூ செர்சி மாநிலத்து வைன்லேண்ட் என்னும் ஊரின் பயிற்சிப் பள்ளியில் மகளைச் சேர்த்தார். அவள் வாழ்நாள் முழுமைக்கும் ஆகும் செலவை எழுதித்தான் ஈட்டவேண்டும் என்ற நிலையில் எழுதினார். மகளைப் பற்றிப் பல்லாண்டுகள் வாய் திறவாதிருந்தவர், 1950இல் ‘வளராத குழந்தை’ என்று பொருள்படும் தலைப்பில் சிறுநூலாக எழுதி வெளியிட்டார். 1973இல் பேர்ல் பக் மறைந்தார். கேரல் 1992 வரை இருந்தார். தாய்க்குப் பின் 19 ஆண்டுகள்! ‘தி குட் எர்த்’ நாவலை நான் கல்லூரிக் காலத்தில் வாசித்தபோது நிலத்தை மட்டுமே கண்டேன். சென்ற ஆண்டு மறுபடியும் எடுத்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் மாதக் கட்டணம் தெரிந்தது.

குழந்தையை ஒன்பது வயதில் தொலைவிலோர் இல்லத்தில் விட்டுவிடுவது எனக்கு உடன்பாடன்று. அது அக்காலத்து வழக்கம். சப்பானிய எழுத்தாளர் கென்சபுரோ ஓயே வேறு வழியில் சென்றார். 1963இல் மூளைக் குறையுடன் பிறந்த மகன் ஹிகாரியைத் தம்முடனே வைத்து வளர்த்தார். ஹிகாரி பறவைக் குரல்களின் வழியே ஒலியுலகுக்குள் நுழைந்து இசையமைப்பாளராகவே ஆனார். 2023 மார்ச்சில் ஓயே மறைந்தபோது மகனுக்கு 59 வயது. எந்த வழியில் சென்றாலும் இறுதியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்: பெற்றவர் போனபின் பிள்ளை இருக்கிறான்.

நம் சமவெளிக்கு வருவோம். ஒரு தலைமுறைக்கு முன் இப்பிள்ளைகள் காட்டிலும் களத்திலும் தாமாகவே ஓர் இடம் பெற்றிருந்தனர். மாட்டை ஓட்டுவது, தறிக்குப் பாவு பிடிப்பது, கொலுசுப் பட்டறையில் குண்டு கோப்பது என்று கைக்கு எட்டிய ஒரு வேலை இருந்தது. பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு என்று வாசல்கள் திறந்திருந்தன. எங்கு நுழைந்தாலும் ஒரு வட்டில் சோறு இருந்தது. அக்காலத்தை நான் பொன்னுலகாகக் காட்டவில்லை. பின்கட்டில் கட்டிப்போடப்பட்ட பிள்ளைகளும் அக்காலத்தில்தான் இருந்தனர். மணவீட்டார் வரும் நாளில் அறையில் பூட்டப்பட்டவர்களும் இருந்தனர். ஆயினும் பலர் கண்ணில் பட்டு வாழும் வாழ்வு ஒன்று இருந்தது. இன்று திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருப்பவர் ஆண்டில் பாதியை வடமாநிலங்களில் கழிக்கிறார். உடன்பிறந்தார் பெங்களூரில். கோழிப்பண்ணைக் கணக்கைக் கணிப்பொறி பார்க்கிறது. வீட்டில் எஞ்சுவது தாயும் அப்பிள்ளையுமே. தாய்க்குக் காய்ச்சல் வந்தால் இருவருக்கும் சோறில்லை.

கவனிக்க ஆளில்லாத வீடு தன் பிள்ளையை எங்கே கொண்டு விடும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடை கிடைத்தது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநலம் குன்றியோரை வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். மனநோய் வேறு, அறிவுவளர்ச்சிக் குறை வேறு. இரண்டையும் குழப்புவது தவறு. ஆனால் அச்சங்கிலிகளில் கிடந்தவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களில் பலர் அரக்கர்கள் அல்லர். நம்மைப்போல் களைத்துப்போன தாய் தந்தையரும் அண்ணன்மாருமே.

இனி நம் ஊர்ப்பக்கத்தில் பெற்றோர் செய்யும் ஏற்பாடுகள். பெரும்பாலும் அவை இரண்டு. முதலாவது, சொத்து முழுவதையும் நல்ல பிள்ளையின் பெயரில் எழுதிவைத்து, “தம்பியப் பாத்துக்கோ கண்ணு” என்று வாய்ச்சொல் வாங்கிக்கொள்வது. அண்ணன் நல்லவனாகவே இருக்கட்டும். அவனுக்குக் கடன் வந்தால்? அவன் முந்திக்கொண்டால்? அவன் மனைவி அச்சொல்லைக் கொடுத்தவள் அல்லளே? பத்திரத்தில் தம்பியின் பெயர் ஓரிடத்திலும் இராது.

இரண்டாவது ஏற்பாட்டைச் சொல்லக் கூசுகிறது. ஏழை வீட்டில் பெண் பார்த்து, பையனுக்கு ‘கொஞ்சம் வெகுளி’ என்று சொல்லித் திருமணம் முடிப்பது. நாங்கள் போனபின் ஒருத்தி வேண்டுமே என்பார்கள். இது ஒரு பெண்ணைக் கூலியில்லாத ஆளாக, வாழ்நாள் முழுமைக்கும், விலைக்கு வாங்குவதாகும். என்னிடமே ஒருவர் வந்து, “உங்க பையனுக்கும் அப்பிடி ஒண்ணு முடிச்சுவெச்சிருங்க டீச்சர், நிம்மதி” என்றார். நான் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் பிறகு வீட்டுக்கு வருவதில்லை. வருத்தமில்லை. டவுன் நோய்க்குறி உடையவர்கள் மணம் செய்துகொள்ளக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இருவரும் அறிந்து விரும்பி இணைவது வேறு. ஒருத்தியை ஏமாற்றிக் காவலுக்கு வைப்பது வேறு.

சட்டத்தின் பக்கம் போனால், 18 என்னும் எண் ஒரு வாசற்படி. அதுவரை தாயும் தந்தையும் இயற்கைக் காப்பாளர்கள். படியைத் தாண்டிய மறுநாள் அவன் சட்டத்தின் கண்ணில் முழு மனிதன். நான் அவனுக்காகக் கையெழுத்திட முடியாது. வங்கியொன்றில் அவன் பெயரில் கணக்கு வைக்கப் போயிருந்தபோது இது எனக்கு உறைத்தது. அலுவலர் படிவத்தை அவன்முன் வைத்தார். அவன் மகிழ்ந்து மூன்று வளைகோடுகள் இட்டான். அடுத்த தாளில் ஐந்து இட்டான். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவம் திரும்பி வந்தது.

இந்நிலைக்காக 1999இல் நடுவண் அரசு ஒரு சட்டம் இயற்றியது. தற்புனைவு எனப்படும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுவளர்ச்சிக் குறை, பல்வகைக் குறை ஆகிய நான்கும் அதில் அடங்கும். தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்பது அதன் வழக்குப் பெயர். மாவட்டந்தோறும் ஒரு குழு அமைய அது வழிசெய்தது. ஆட்சியர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் சார்பாளர், மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அதில் இடம்பெறுவர். நீதிமன்றம் ஏறவேண்டியதில்லை, 18 கடந்த பிள்ளைக்குக் காப்பாளரை இக்குழுவே அமர்த்தித் தரும். பெற்றோரும் உறவினரும் விண்ணப்பிக்கலாம். காப்பாளர் ஆனவர் ஆறு திங்களுக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலை அளிக்கவேண்டும். நிதியாண்டு முடிந்து மூன்று திங்களுக்குள் ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டும். பிள்ளையைப் புறக்கணித்தாலோ சொத்தைத் தவறாகக் கையாண்டாலோ அவரை நீக்கவும் வழியுண்டு. அண்ணனிடம் வாங்கும் வாய்ச்சொல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இக்கணக்குக் காட்டுதலில்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஓரடி முன்சென்று, காப்பாளர் தாமே முடிவெடுப்பவராக அன்றி, அவனுடன் கலந்து முடிவெடுப்பவராக இருக்கும் வரையறுத்த காப்பு முறையைக் கொணர்ந்தது. எனக்கு இது மிக உகந்ததாகப் படுகிறது. நாற்காலி எங்கே இருக்கவேண்டும் என்று அறிந்தவனுக்குத் தான் எங்கே இருக்கவேண்டும் என்பதிலும் ஒரு கருத்து இருக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. நான் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் பணிபுரிபவள், ஓய்வூதியம் கிடையாது. பழைய ஓய்வூதிய விதிகளின்கீழ் வரும் அரசு ஊழியர்களின் பிள்ளை ஊனத்தால் பிழைப்புத் தேட இயலாதவராயின், குடும்ப ஓய்வூதியம் அப்பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் உண்டு. பணியில் இருக்கும்போதே பதிவு செய்துவைப்பது நல்லது. தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை திங்களுக்கு 2000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஓரிலட்சம் வரை. இவை ஊன்றுகோல்கள், கால்கள் அல்ல. இன்று ஒருவரைப் பராமரிக்கத் திங்களுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு ஏறினால் 12 ஆண்டில் அது 30,000. 24 ஆண்டில் 60,000. இக்கணக்கைப் போட்ட இரவில் நான் உறங்கவில்லை.

இன்னொன்று. வங்கி வைப்பில் நியமனதாரர் என்று ஒரு பெயர் எழுதுகிறோமே, அவர் அப்பணத்துக்கு உரிமையாளர் ஆகிவிடார். வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. பணத்தை மகன் பெயரிலேயே வைத்தால் சுற்றியிருப்பவர் கையில் போகும். பிறர் பெயரில் வைத்தால் மறதியில் போகும். இரண்டுக்கும் நடுவே, 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்படி அவன் ஒருவனுக்காகவே தனி அறக்கட்டளை நிறுவலாம். உடைமை அறங்காவலர் கையில் இருக்கும். பயன் அவனுக்குச் சேரும். உயிரோடிருக்கும்போதே சிறு தொகையில் தொடங்கி, உயிலின்வழி மீதத்தைச் சேர்க்கலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. சான்றொப்பம் இருவர் இடவேண்டும். எங்கள் இருவர் உயிலையும் சென்ற தையில் எழுதி முடித்தோம். என் கணவர் அன்று வடை வாங்கி வந்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஆனால் உயில் அரைமணி வேலை. என்னை வருத்திய எழுத்து வேறு. மகனைப் பற்றி, அவனைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு எழுதும் ஒரு குறிப்பேடு. சட்டத்தில் அதற்கு வலு இல்லை. ஆனால் அது இல்லாமல் மற்றவை எல்லாம் வெற்றுத்தாள். என் ஆய்வேடு 300 பக்கம். நான்கு ஆண்டில் முடித்தேன். இக்குறிப்பேடு 40 பக்கத்தில் நிற்கிறது, இரண்டாண்டாக முடியவில்லை.

காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. அரைமணிக்குப் பின்பே காப்பி. கழுத்தெலும்பு தளர்ச்சி இருப்பதால் குட்டிக்கரணம் அடிக்க விடக்கூடாது. இவற்றை எழுதுவது எளிது. ‘வண்டி வருது’ என்று அவன் சொன்னால் வயிறு வலிக்கிறது என்று பொருள் என்பதை எழுதும்போது பேனா நின்றது. அவன் நான்கு வயதில் வயிற்றுவலியோடு பேருந்து நிலையத்தில் அழுதபோது, “அழாத, வண்டி வருது” என்று நான் ஆற்றிய சொல் அது. அதுவே அவனுக்கு வலியின் பெயராயிற்று. இதை அறிந்தவர் உலகில் மூவர். நாளை ஒரு விடுதியில் அவன் “வண்டி வருது, வண்டி வருது” என்று நள்ளிரவில் சொல்வான். காவலர், “பேசாமப் படு, இந்நேரத்துக்கு ஏது வண்டி” என்பார். குக்கர் விசிலுக்கு அஞ்சுவான். ஆனால் இடிக்கு அஞ்சான். தயிர்ச்சோற்றை முதலில் உண்டு சாம்பாரில் முடிப்பான், திருத்தவேண்டாம். யார் இறந்த செய்தியையும் அவனிடம் ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று சொல்லக்கூடாது. என் மாமியார் மறைந்தபோது அப்படிச் சொல்லிவிட்டோம். எட்டு மாதம் வாசலில் காத்திருந்தான். நான் போகும்போது நான் இறந்துவிட்டேன் என்றே அவனிடம் சொல்லவேண்டும். முகத்தைப் பார்க்க விடவேண்டும். கொள்ளிக்குடம் தூக்குவது அவன் உரிமை. இவ்வரிகளைப் பேராசிரியர் நடையில் எழுத முயன்றேன். வரவில்லை.

எனக்கு ஒரு மகளும் இருக்கிறாள். அவனுக்கு மூன்றாண்டு இளையவள். அவளிடம் நாங்கள் எதுவும் கேட்டதில்லை. கேட்காமலே அவள் தலையில் எழுதிவைத்திருந்தோம் என்பதே உண்மை. சென்ற கோடையில் தன் தோழியிடம், “நான் வெளியூரெல்லாம் போக முடியாது, அண்ணன் இருக்கானில்ல” என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. 14 வயதில் ஒரு பெண் தன் உலகத்தைச் சேலத்துக்கும் கரூருக்கும் இடையில் அளந்து முடித்துவிட்டாள். அன்றிரவு அவளை அருகில் இருத்திச் சொன்னேன்: அண்ணனை நேசிப்பது உன் உரிமை, அவனைத் தூக்கிச் சுமப்பது உன் கடமை அன்று, எதைச் செய்ய விரும்புகிறாய் என்று 25 வயதில் கேட்பேன், அப்போது இல்லை என்றும் சொல்லலாம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப யாரும்மா பாத்துக்குவாங்க?” என்றாள். என்னிடம் விடையில்லை. இந்த உரை அக்கேள்வியிலிருந்து பிறந்தது.

சேலத்தவராகிய நாம் இருவரை நினைக்காமல் இதைப் பேசலாகாது. வானவன்மாதேவி, இயல் இசை வல்லபி என்னும் உடன்பிறந்தார் இருவரும் தசைச்சிதைவு நோயுடன் இந்நகரில் வாழ்ந்தவர்கள், நல்ல வாசகர்கள், எழுத்தாளர் பலர்க்கு நண்பர்கள். பிறர் கைகொண்டே எழுந்து அமரவேண்டிய நிலையில் இருந்துகொண்டு, அந்நோயுற்ற ஏனையோர்க்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினர். வானவன்மாதேவி 2017இல் மறைந்தார். பராமரிக்கப்படுபவர் ஏற்பாட்டின் பொருள் அல்லர், ஏற்பாட்டைச் செய்பவராகவும் இருக்கமுடியும் என்பதை நான் அவர்களிடமிருந்தே அறிந்தேன். என் மகனால் அறக்கட்டளை தொடங்க இயலாது. ஆனால் யாருடன் இருந்தால் சிரிக்கிறான், யாரைக் கண்டால் அறைக்குள் போய்விடுகிறான் என்பதைப் பார்த்தறியலாம். அதுவே அவன் வாக்குச்சீட்டு.

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர்ப் பகுதியில், பெற்றோர் சிலர் 1989இல் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினர். நாங்கள் போனபின் என்ன என்பதே அவர்கள் கேள்வி. பணமும் பத்திரமும் வேண்டியவை என்று அவர்களும் கண்டனர். ஆனால் ஊதியத்துக்காக அன்றி அன்பினால் வந்துபோகும் சிலர் இருந்தால்தான் ஊதியம் பெறுவோரும் ஒழுங்காக இருப்பர் என்பது அவர்கள் கண்ட மெய். ஆகவே ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும், பெற்றோர் உயிரோடிருக்கும்போதே, சில நண்பர்களைத் தேடிச் சேர்த்தனர்.

இதைப் படித்தபோது எனக்கு வான்கூவர் தெரியவில்லை, செவிலிதான் தெரிந்தாள். அகப்பாடலில் ஒரு பெண்ணுக்குத் தாயர் இருவர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. செவிலியின் மகள் தோழி. தலைவியின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிபவள் தோழி. அவளிடமிருந்து செவிலி அறிவாள். நற்றாய் கடைசியில் அறிவாள். குழந்தையை ஒருத்தி மட்டும் அறிந்திருப்பது போதாது என்பதை அவ்விலக்கியம் மிக இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. தலைவி உடன்போக்கில் சென்றபின் பாலை வழியில் அவளைத் தேடிப் போகிறவளும் செவிலியே. என் ஆய்வேட்டில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். இதுதான் செய்தி என்று அப்போது தோன்றவில்லை. அங்கே செவிலி மகளைத் தேடிப் போகிறாள். இங்கே தாய் செவிலியைத் தேடிப் புறப்பட்டிருக்கிறேன்.

நண்பர்களே, “நாங்க எல்லாம் இருக்கோமுங்கம்மா” என்று நீங்கள் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் சொல்லில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கவிஞர்கள் சொல்லும் ‘இருக்கிறோம்’ என்பதற்கு நாளும் நேரமும் குறித்து வாங்கிக்கொள்ளத் துணிந்துவிட்டேன். நான் கேட்பது பணமன்று. அவனைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுமன்று. ஒருவர்க்கு ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அவனை அழைத்துச் செல்லுங்கள். நான் உடன் வரமாட்டேன். சந்தைக்குப் போங்கள், திருச்செங்கோட்டு மலைப்படியில் இயன்ற மட்டும் ஏறி இறங்குங்கள், உங்கள் வீட்டில் ஒருவேளை உணவு கொடுங்கள். ஆண்டு தோறும் வாருங்கள். பத்தாண்டில் பன்னிரண்டு பேருக்கு ‘வண்டி வருது’ என்பதன் பொருள் தெரிந்திருக்கும். அப்போது மாவட்டக் குழுவின்முன் மாற்றுக் காப்பாளராக யார் பெயரைச் சொல்லலாம், அறங்காவலராக யாரைக் கேட்கலாம் என்பது தானே புலப்படும். முன்னரே தெரியாதவரை அவ்விடத்தில் வைக்க எனக்கு மனமில்லை, அவனும் ஏற்கமாட்டான்.

சென்ற ஞாயிறு நம் வட்டத்து மூத்த உறுப்பினர் ஒருவர் துணைவியாருடன் வந்து அவனை அழைத்துச் சென்றார். மாலை ஆறு மணிக்குக் கொண்டுவந்து விட்டார். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “எங்க வீட்டு நாற்காலியெல்லாம் இப்ப சுவரோரமா ஒரே நேரா இருக்குதுங்க” என்றார் அவர். மகன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. படுக்கப் போகுமுன் மட்டும், “மறுபடி எப்ப?” என்று கேட்டான்.

வெளியே புத்தக மேசையின் ஓரத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மாதங்களும் எழுதியிருக்கின்றன. நான்கில் பெயர் விழுந்திருக்கிறது. மகன் பக்கத்திலேயே நிற்கிறான். பேனா அவனிடம்தான் இருக்கிறது, கேட்டால் கொடுப்பான்.